சயா வைத்த காவல் போர்டு

மார்ச் 10, செவ்வாய்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. கரண்ட் இல்லை. வாங்க வேண்டியது: ஃபியூஸ், சாலிடர் கம்பி, அரிசி.

யாங்கோன் லான்மடாவ் பகுதியில் என் ரிப்பேர் கடையைத் திறந்ததும், ஊரின் இன்னொரு பக்கம் தாமுவேயிலிருந்து மீனாக்கா. மடியில் பழைய கம்ப்யூட்டர், டாக்ஸியில். நேற்று கரண்ட் திரும்பி வந்தபோது 'டப்' என்றதாம். அதற்குமேல் உயிர் இல்லை. அவருடைய எம்பிராய்டரி மெஷின் இது ஒன்றின் பேச்சைத்தான் கேட்கும். புத்த மடத்துத் துறவுச் சடங்குக்குப் போகும் பையன்களின் உடைகள், ஜரிகைப் பூவேலை. சனிக்குள் தர வேண்டும்.

"இது போச்சுன்னா மெஷின வித்துட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான், செல்வி."

இந்தக் கம்ப்யூட்டர் நாங்களே செய்தது. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த கம்பெனி. திறக்கவே பயம். நாளைக்கு.

மார்ச் 11, புதன்
திறந்தாயிற்று. கரண்ட் எகிறினால் மற்ற பாகங்களைக் காக்க உள்ளே வைத்த காவல் போர்டு மட்டும் கருகியிருக்கிறது. அடியை அதுவே வாங்கிக்கொண்டது. மற்றதெல்லாம் பத்திரம், மீனாக்காவின் டிசைன்கள் உட்பட! தனியாக நின்று சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

எங்கள் முதலாளியை சயா என்போம், பர்மியில் ஆசான். புது மாடலை விற்கும்முன் மொத்தக் கம்பெனியையும் கூப்பிட்டு, "கொல்லுங்க பாப்போம்" என்பார். கணக்குப்பிள்ளை முதல் கூட்டுபவர் வரை மெயின் ஸ்விட்சைப் போட்டு அணைத்துப் படாதபாடு படுத்துவோம். கொன்றவருக்குப் பிரியாணி. அந்த மாடலைச் செய்தவருக்குத் திட்டு கிடையாது. அப்படி வேறெங்கும் நான் பார்த்ததில்லை. போய்ப் போய் வரும் யாங்கோன் கரண்டுக்காக அப்படிப் பிறந்ததுதான் இந்த போர்டு. அதனால் கம்ப்யூட்டர் விலை ஏறியது. மலிவாக விற்றவர்கள் முந்திவிட்டார்கள். கம்பெனி மூடியது.

மார்ச் 13, வெள்ளி
போர்டில் கருகிய பாகங்களை மாற்றி, தாமுவேயில் மாட்டியாயிற்று. ஓடுகிறது! மீனாக்காவுக்கு முதலில் அழுகை, பிறகு எனக்கு மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், இரண்டு கிண்ணம்.

அங்கிருந்தே சயாவுக்கு போன். ஊரின் வடகோடி மிங்கலாடோனில் இருக்கிறார், உடம்பு சரியில்லை.

"அந்த போர்டு பேச்ச எடுக்காத, செல்வி. என் பிடிவாதம். உங்க எல்லார் சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டேன்."

இத்தனை வருடமும் இதையா சுமந்தார்? கோபமே வந்தது. "மீனாக்கா சோத்தக் காப்பாத்துனதும் அதுதான், சயா. எனக்குத் தொழில் குடுத்ததும் நீங்கதான். கேளுங்க" என்று போனை மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே பிடித்தேன். ஊசி சடசடவென்று.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"கம்ப்யூட்டர்ல ஃபேன் சத்தம் சரியில்லையே. மாத்திட்டுக் கெளம்பு."