போகும்போது ஓட்டம், வரும்போது பஸ்

செட்டிபாளையம்
17.11.2025

அன்புள்ள தனுஷியாவுக்கு,

உன் நலத்தைக் கேட்க மாட்டேன். அதைத்தான் முந்தாநாள் கொழும்பிலிருந்து போனில் அழுதழுது சொன்னாயே. போனில் நான் எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்றுவிட்டு உன் எண்ணப்படிதான் செய்வாய். அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தால் முழுக்க வாசித்துவிட்டுக் கிழி.

இங்கே ஐந்து நாளாக மழை. வாவித் தண்ணீர் எங்கள் வேலி வரைக்கும் வந்துவிட்டது. மணல் மூடிய முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட்டால்தான் வடியும் என்கிறார்கள். நேற்று உன் அம்மா நான் வேலை செய்யும் பாமசிக்கு வந்தார். "என்ட மகள் அடுத்த கிழமை தேசிய அணித் தெரிவுக்கு ஓடப்போறாள்" என்று நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். உன் இடது கணுக்கால் வீங்கிக் கிடப்பது அவருக்குத் தெரியாது. நான் சிரித்தபடி பிரஷர் குளிசையை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு என்னைப் பிடிக்கவேயில்லை.

பண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஓடிவிடலாம் என்கிறாயே, அந்தப் புத்தியை உனக்குத் தந்தவளே நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன், மாகாணப் போட்டிக்கு முதல்நாள் என் காலைச் சுற்றியது உன் கை. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத புள்ள" என்று சத்தியம் வாங்கினேன். நீ சொல்லவில்லை. மறுநாள் மூன்றாவது சுற்றில் கால் மடங்கியது. முறிந்த சத்தம் கேட்டதென்று நீ பிறகு சொன்னாய். எனக்கு வாய்க்குள் போன புழுதிதான் ஞாபகம்.

ஆஸ்பத்திரியில் காலுக்கு அப்பியாசம் சொல்லித்தந்த மிஸ், எங்கே ஓடிப் பழகினீர்கள் என்று கேட்டார். செட்டிபாளையம் கடற்கரையிலிருந்து களுதாவளை வரைக்கும் என்றேன். திரும்பி வரும்போது எப்படி என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிடும், அதனால் பஸ் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். கடல் எப்போதும் நமக்கு இடது பக்கம். கரை சரிவு. நாலு வருஷமாக இடது கால் பள்ளத்திலேயே விழுந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதாம். திரும்பியும் ஓடியிருந்தால், இல்லை இடைக்கிடை மைதானத்தில் ஓடியிருந்தால் இவ்வளவு வந்திராது என்றார். நமக்கோ களுதாவளைப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு பஸ் ஏறுவதில்தான் பெருமை.

உன் பழைய சப்பாத்தைத் திருப்பிப் பார். இடது குதியின் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கும். என்னுடையதும் அப்படித்தான், இன்னும் எறிய மனமில்லை. பல் தீட்டும்போது ஒற்றைக்காலில் நின்றால் கணுக்காலுக்குப் பலம் வருமாம். அதை ஓடுகிற காலத்திலேயே செய்திருக்க வேண்டுமாம். வீக்கத்தோடு மட்டும் ஒருநாளும் ஓடக் கூடாதாம். பண்டேஜ் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்கிறேன். முதலாளிக்குப் பிடிப்பதில்லை.

என் கால் இனி இவ்வளவுதான். பின்னேரமானால் வீங்கிச் செருப்பு ஏறாது. பஸ்ஸிலிருந்து இறங்குவதென்றால் கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்து, நின்று, மற்றக் காலை வைக்க வேண்டும். நேற்று மழைக்குத் தலையில் துவாய் போட்டிருந்தேன். கண்டக்டர், "கெதியா இறங்குங்க ஆச்சி" என்றான். எனக்கு இருபத்திரண்டு வயது, தனு.

நீயும் முந்தாநாள் என்னிடம் சத்தியம் வாங்கினாய். நானும் தந்தேன். அன்றைக்கு நீ உன் சத்தியத்தைக் காப்பாற்றினாய் என்று இவ்வளவு காலமும் உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. கேட்டது நான், கோபமும் எனக்கு. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்ல?

இந்தக் கடிதம் கிடைக்கும்போது உன் பெயரை வெட்டியிருப்பார்கள். யார் சொன்னதென்று உன் கோச் சேர் சொல்லமாட்டார். நான்தான். இன்று காலை நம்பரைத் தேடி எடுத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னேரம் உன் அம்மாவிடமும் நானே போய்ச் சொல்வேன். அவர் ஏசுவதைக் கேட்டுக்கொள்கிறேன்.

கோபம் ஆறும் வரைக்கும் என்னோடு பேசாதே. ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு வா. கம்பியைப் பிடிக்காமல் பஸ்ஸிலிருந்து குதித்து இறங்கு. என்னைப் பார்க்காமலே போனாலும் பரவாயில்லை, நீ இறங்குவதை நான் பார்க்க வேண்டும். களுதாவளைப் பிள்ளையார் உன் காலைக் காக்கட்டும்.

சத்தியம் தவறிய உன்
பிரஷாந்தி