சே வேண்டாத வாக்கியம்

13.6.2010, ஞாயிறு

சுமலதா போன் செய்தாள். ஆகஸ்டில் வருகிறார்களாம். அவள், அந்த ரெனே, அவனுடைய அம்மா எல்வீரா. கம்பெனி வேலையாக மெக்ஸிகோ போன என் பெண், அங்கேயே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு எங்களுக்குப் போட்டோ அனுப்பியவள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, சின்னவர்களை விடுவோம். பையனைப் பெற்றவள் ஒரு போன் போட்டிருக்கலாமே? அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதாம், ஸ்பானிஷ்தானாம்.

எனக்கு இப்போது ஸ்பானிஷ் தெரியும். ஹைதராபாத் கோட்டி பஜார் நடைபாதையில் வாங்கிய புத்தகம், கூடவே கேசட். லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஏர் பிரேக்கைக் கற்றதும் இப்படித்தான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை.

அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உங்கள் மகன் என் மகளைக் கொண்டுபோய்விட்டான். பதிலை அவள் சொல்லட்டும்.

27.6.2010, ஞாயிறு

என்ன பாஷை இது! கோபத்தில் படிக்க ஆரம்பித்தவனை இப்படி உட்காரவைக்கிறதே.

'தோமார்' என்றால் எடு. குடிப்பதற்கும் அதே சொல். 'தோமோ கஃபே' என்றால் நான் காப்பி குடிக்கிறவன், அவ்வளவுதான். 'மே தோமே எல் கஃபே' என்றால் அந்தக் காப்பியைக் குடித்துத் தீர்த்துவிட்டேன். ஒரு 'மே' வந்து உட்கார்ந்ததும் டம்ளர் காலி! எனக்கு 'மே', உனக்கு 'தே', அவருக்கு 'சே'. நாம் அலுத்துக்கொள்ளும்போது சொல்கிற அதே சே.

பஸ் எடுக்க இந்தச் சே வேண்டாம். முடிவெடுக்க வேண்டாம். ஆனால் லீவு எடுத்துக்கொள்ளலாம். மனசில் எடுத்துக்கொள்ள அவசியம் வேண்டும். 'நோ சே லோ தோமே அ மால்' — தப்பா எடுத்துக்காதீங்க. கேசட்டை நிறுத்திவிட்டேன். 'எடுக்காதீங்க' வேறு, 'எடுத்துக்காதீங்க' வேறு என்பது நமக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் தெரிந்திருக்கிறதே!

"தனியா சிரிச்சிட்டிருக்கீங்க" என்றாள் என் மனைவி சகுந்தலா.

18.7.2010, ஞாயிறு

வாக்கியம் தயார். ஈஹோ மகன், ஈஹா மகள். 'சு ஈஹோ யேவோ அ மி ஈஹா.'

புத்தகத்தில் ஓர் இடத்தில் 'சே யேவோ' என்று இருக்கிறது. யோசித்தேன். 'யேவார்' என்பதற்கு ஓரத்தில் நான் எழுதி வைத்திருப்பது: கொண்டுபோ. 'கொண்டு' என்பதிலேயே 'கொள்' இருக்கிறது. அதன் மேல் ஒரு சே எதற்கு? வெட்டிவிட்டேன். புத்தகம் எழுதியவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அவனும் வெட்டியிருப்பான்.

டீக்கடையில் யூசுப்பிடம் சொல்லிக் காட்டினேன். ஒர்க்‌ஷாப்பில் என் பக்கத்து பெஞ்சுக்காரன். "கைக்கு மியா, எதுக்கு இதெல்லாம்? சம்பந்தியம்மா சோறு திங்க வர்றாங்க, நீ சார்ஜ்ஷீட் எழுதுறே!"

"ஹவ், ஆமா. சார்ஜ்ஷீட்தான்" என்றேன்.

3.8.2010, செவ்வாய்

வந்துவிட்டார்கள். நாச்சாரம் ஏரியா பூராவும் எங்கள் வீட்டைத்தான் எட்டிப் பார்க்கிறது. ரெனே ஷூவைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைக்கிறான். கழற்றுவதற்கும் அவர்களுக்கு ஒரு சே உண்டு. நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

5.8.2010, வியாழன்

அந்த எல்வீரா அம்மாள் கோங்குரா கீரைச் சட்னியை வெறும் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. தண்ணீரைத் தொடவில்லை. என்னைப் போலப் பிடிவாதக்காரி. நிமிர்ந்து உட்கார்கிறாள். பிடித்திருக்கிறது என்று எழுதினால் என் கட்சி என்னாவது?

8.8.2010, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து சகுந்தலா பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று, எல்வீராவைப் பார்த்து, தெளிவாகச் சொன்னேன். 'சு ஈஹோ யேவோ அ மி ஈஹா.' சுமாவின் முகம் வெளுத்துவிட்டது.

எல்வீரா ஸ்பூனை வைத்தாள். "அ தோந்தே?"

எங்கே என்கிறாள். எங்கேயா? என் பெண்ணை எங்கே கொண்டுபோனான் என்று என்னையே கேட்கிறாளா! கேலியா? கோபம் தலைக்கு ஏறியது.

அவளுக்கு அதற்குள் என்னவோ புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. "ஆ! அல் ஒஸ்பித்தால்!"

ஆஸ்பத்திரி? எந்த ஆஸ்பத்திரி?

எனக்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின வருஷம். சுமாவுக்குக் குடல்வால் வீங்கி வெடிக்கிற நிலை. கூட வேலை பார்த்தவர்களில் ரெனேதான் காரில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனான். ஆபரேஷன் முடிந்து அவள் கண் திறக்கும்வரை அங்கேயே நின்றான். இந்த அம்மாள் அரிசிக் கஞ்சி வைத்துக் கொண்டுபோனாள், இந்தியப் பெண் அரிசிதானே சாப்பிடும் என்று. கடைசியில் கையை வீசிச் சொன்னாள்: நன்றியெல்லாம் எதற்கு ஐயா.

நன்றியாம்! என் சார்ஜ்ஷீட்டை அவள் நன்றி என்று எடுத்துக்கொண்டாள்.

உட்கார்ந்துவிட்டேன். பாயசத்தைச் சொட்டு விடாமல் குடித்தேன். அதற்கு ஒரு 'மே' வேண்டும்.

9.8.2010, திங்கள்

காலையில் சுமா தானாக வந்தாள்.

"ஆபரேஷன்னு சொன்னா உடனே திரும்பி வான்னு சொல்வீங்க. அதான் சொல்லலப்பா. தப்பா எடுத்துக்காதீங்க."

சொல்லியிருக்க வேண்டும். அதில் நான் இறங்கிவரப் போவதில்லை. அவளிடமும் சொன்னேன். தலையாட்டினாள்.

பிறகு கேட்டேன்: "என் வாக்கியத்துல என்ன தப்பு?"

"சே இல்லைப்பா. சே போட்டாத்தான் இங்கேருந்து பறிச்சிட்டுப் போயிட்டான்னு அர்த்தம். போடலைன்னா ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் விட்டான், அவ்வளவுதான். அதான் அத்தை எங்கேன்னு கேட்டாங்க."

"போட்டிருந்தா?"

"அத்தை அழுதிருப்பாங்க. ரெனே அன்னைக்கே டிக்கெட்டை மாத்தியிருப்பான். நானும் கூடப் போயிருப்பேன்."

ஒரு அசை. அசைகூட இல்லை, ஒரு மூச்சு. ஒரு குடும்பத்தையே அது தாங்குகிறது. இதைக் கண்டுபிடித்த ஜனங்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

"இப்ப போட்டுச் சொல்லட்டுமா?" என்றேன்.

"நக்கோப்பா, வேண்டாம்!" சிரித்துவிட்டாள். சின்ன வயதில் பேசின மாதிரியே.

20.8.2010, வெள்ளி

ஷம்ஷாபாத் ஏர்போர்ட் போய் வழியனுப்பினோம். கோங்குரா ஊறுகாய் பாட்டிலைச் சகுந்தலா நீட்டியதும் எல்வீரா நெஞ்சோடு அணைத்தாள். "மே லோ யேவோ." எடுத்துக்கொண்டு போகிறேன். சே இனத்து 'மே' அது, சரியான இடத்தில். காதில் இனித்தது.

ரெனே என் கையைப் பிடித்தான். நானாக விடவில்லை.

14.11.2010, ஞாயிறு

பாஸ்போர்ட் போட்டோ எடுத்தோம். சகுந்தலா கழுத்தைச் சாய்த்துக்கொண்டே இருந்தாள், போட்டோக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே யூசுப் பிடித்துக்கொண்டான். "எங்கே மியா, ஜோடியா?"

'சுமா நோஸ் யேவா அ மான்டெரே' என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சுமா எங்களை மெக்ஸிகோவில் அவள் இருக்கிற மான்டெரேவுக்குக் கூட்டிப் போகிறாள் என்றேன். சே போடவில்லை. திரும்பி வந்துவிடுவோம்.