கேட்காமல் எடுத்த குரல்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்காவும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்பாரா, தண்ணீர்த் தொட்டியை நானே கழுவினேன் என்று பெருமை வேறு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டால் அவன் வந்து இன்னும் நன்றாக ஒழுகும்படி செய்துவிட்டுப் போனான். இதெல்லாம் எப்போதும் இருக்கிற கதைதான், நான் சொல்ல வந்தது வேறு. நேற்று நீ அப்பாவிடம் ஃபோனில் பேசியதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இங்கே என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது, தெரிந்துகொள். அக்கா வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் ஃபோனை எடுத்துப் பேச ஒரு ஏஐ கருவி வாங்கினார்கள். டாக்டர் நல்ல மனுஷன், அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் வாங்கினார். அதிலிருந்த குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுவிட்டு, இது நீ பேசற மாதிரியே இருக்கும்மா, இதையே வச்சுக்கலாம் என்று சிரித்தாராம். மாதிரி என்ன மாதிரி, அவளேதான்! பல் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு உடைந்த முன்பல்லை இன்னும் சரிபண்ணிக்கொள்ளாத மகராசி அவள், பேசும்போது அந்த இடுக்கில் லேசாக ஒரு விசில் வரும், சின்ன வயசில் அதைக் கிண்டல் பண்ணி நீ எத்தனை உதை வாங்கியிருக்கிறாய்! அந்த விசில்கூட மாறாமல் அந்தக் கருவி பேசியது. ஏதோ தற்செயல் என்றுதான் முதலில் அவள் நினைத்தாள். அச்சகம் வைத்திருக்கிறாரே ஒரு பெரியவர், ஈறு வீக்கத்துக்கு வருவாரே, அவர் ஃபோன் செய்து வழக்கம்போல அப்பா முழங்கால் எப்படிம்மா இருக்கு என்று கேட்டிருக்கிறார். அதற்கு அது, உங்கள் கேள்வி புரியவில்லை, சிகிச்சை நேரம் வேண்டுமா என்றதாம். மனுஷன் நேரே கிளம்பி வந்து, ஒரு வார்த்தை நலம் விசாரிச்சா புரியலங்கறியே, அவ்வளவு பெரிய ஆளாயிட்டியா என்று காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டார். சாயங்காலம் அவள் அந்தக் கருவி யாருடையது என்று பார்த்தால், நீ வேலை பார்க்கிற கம்பெனி! உன்னிடம் எழுதிக் கேட்டதற்கு, ஆமாக்கா, உன் வாய்ஸ் மெசேஜ்தான் என்று ஒரு சிரிக்கிற பொம்மையையும் சேர்த்து அனுப்பினாயாமே, உனக்கு வெட்கமாக இல்லை?

அவை எந்த மெசேஜ்கள் என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. போன வருஷம் கல்யாண வாழ்க்கை முறிந்து ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தாளே, அப்போது எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து உன் ஒருவனிடம்தான் அழுதிருக்கிறாள், நான் மடச்சி, துணி துவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்தா மெஷினுக்குப் போட்டாய்? ஏண்டா இப்படிப் பண்ணினே என்று அப்பா கேட்டால், சாதாரணமா பேசறது நிறைய கிடைக்குதுப்பா, மனசு கனத்துப் பேசறதுதான் கிடைக்கறதில்ல, அக்கா அழுததைச் சேர்த்தப்புறம்தான் குரலுக்கு உயிரே வந்தது என்கிறாய். அதைச் சொல்லும்போது உனக்கு நாக்குக் கூசவில்லையா? எல்லாரும் பண்றதுதான், அனுமதி நியாயம்னு பாத்துட்டு உக்காந்தா அடுத்த கம்பெனிக்காரன் முந்திடுவான், அதெல்லாம் இப்போதைக்கு ஒதுக்கி வச்சிருக்கோம், பின்னால பாத்துக்கலாம் என்கிறாய். நியாயம் என்ன குடையா, மழை விட்டதும் மடக்கி மூலையில் வைப்பதற்கு? பேர் எங்கயும் வராது என்று சமாதானம் வேறு. பேர் எதற்கடா, ஆளே அல்லவா வந்து நிற்கிறாள்! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அப்பா சொன்னபோது நீ பதிலே பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால் மாட்டேன் என்பாள் என்று உனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. கருவியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அப்பாவின் மருந்துச் சீட்டை எனக்கு ஃபோனில் அப்படி ஒரு கருவிதான் படித்துச் சொல்கிறது. கோபமெல்லாம் உன் மேல்தான்.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் அதை நிறுத்திவிட்டார், தப்பே செய்யாத அவர் இவளிடம் மன்னிப்பும் கேட்டார். ஆனால் வேறு எத்தனை கடையில், எத்தனை ஆபீசில் அவள் குரல் யார் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறதோ! இவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். கேட்டால் தலையாட்டுகிறாள். காய்கறிக் கடையில் விரலால் காட்டி வாங்குகிறாள், தொண்டை கட்டிடுச்சா என்று கடைக்காரர் கேட்கிறார், நான் என்ன சொல்ல? ஃபோனை எடுக்காதவளை வரவேற்பில் எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள்? நீயோ புது ஃபோன் வாங்கி அனுப்பறேன், கோபம் போயிடும் என்கிறாய். அந்த ஃபோனை நீயே வைத்துக்கொள். அக்கா குரலை எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும், எடுத்துவிட்டேன் என்று அவளிடம் நீயே சொல்ல வேண்டும். அதனால் வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, உனக்குச் சாப்பாடும் படுக்கையும் இங்கே எப்போதும் உண்டு.

குளிரில் காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசும்படி வாழ வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசீர்வாதம். அக்காவுக்கு ஃபோன் செய்ய மறக்காதே, அவள் எடுத்துவிட்டுச் சும்மா இருந்தாலும் வைத்துவிடாமல் நீ பேசு. இதையெல்லாம் காலையில் வாய்ஸ் மெசேஜில்தான் சொல்ல நினைத்தேன். பட்டனை அழுத்தி வாயைத் திறந்தேன், இந்தக் கோபத்தையும் இவன் எடுத்துக்கொள்வானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அப்படியே நிறுத்திவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் வாய்விட்டுப் பேசப் பயந்துதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா