மத்தியான வெயிலில் பனித்துளி

சாப்பாடு அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன். பிரிட்ஜைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ எடுத்த ஓநாய்ச் சிலந்திப் படத்தை ஆபீஸில் எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். உடம்பெல்லாம் பனித்துளி. நானும் பெருமையாகச் சிரித்துவிட்டு, எடுத்த நேரத்தைப் பார்த்தேன். மத்தியானம் மூன்று மணி. பிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மாதிரி அதற்கு வேர்த்திருக்கிறது.

"பூச்சியைக் குளிர வெச்சு, அசைய விடாம எடுக்கிறதெல்லாம் ஒரு படமா?" என்று கேட்டவள் நீதான். கல் கல்லாகப் புரட்டி அந்தச் சிலந்தியைப் பிடித்து வந்து, டப்பாவில் வைத்து, ஈ பிடித்துப் போட்டு வளர்த்தவன் நான். உன்னை நம்பித்தான் டப்பாவை வீட்டில் விட்டுப் போனேன். கேட்டால், "தோட்டத்துல எடுத்தேன்" என்று பொய் வேறு.

சிலந்தி பிழைத்துக்கொண்டது. ஆனால் தூங்கும்போதுகூட விடாமல் சுமந்த முட்டைப்பை, டப்பா மூலையில் தனியாகக் கிடந்தது.

இரண்டையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன். குழாய்க்காரர் ஐந்து மணிக்கு வருவார்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொள்.

இன்னொன்று. இத்தனை வருஷமும் எந்தக் கல்லடியில் எது இருக்கிறது என்று முதலில் உன்னிடம்தான் காட்டினேன். இதை எங்கே விட்டேன் என்று கேட்காதே.