மலர்க்கொடிக்கு விட்ட இடம்

காலடிப்பேட்டை, திருவொற்றியூர்
1953, கார்த்திகை

அன்புள்ள தம்பி குமாரவேலுக்கு,

செல்லம்மா டீச்சர் எழுதுவது. விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று நீ என்னிடம் கேட்டாய்: "படுத்துகினு கெடக்குறதுக்கு இன்னாத்துக்கு டீச்சரம்மா பள்ளிக்கூடம்?" ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் சிரித்து அனுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். ஈர வலையைச் சுருட்டி வைத்தால் மட்கிப்போகும். விடியுமுன் கூடை தூக்கி, தெருத்தெருவாய் மீன் விற்று, வந்ததும் அடுப்பில் குனிகிற பெண்ணின் உடம்பும் அப்படித்தான். அதைக் கொஞ்ச நேரம் விரித்துப் போட வேண்டும்.

அதனால்தான் மத்தியானத்தில் வலைக்கொட்டகையில் பாய் போட்டுப் பெண்கள் எல்லாரும் மல்லாந்து படுக்கிறார்கள். கால்விரல் தொடங்கி நெற்றி வரை ஒவ்வொன்றாகத் தளரவிடச் சொல்வேன். சற்று நேரத்தில் அத்தனை பேர் மூச்சும் ஒரே மூச்சாகிவிடும். முடிவில் வகுப்பில் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பேராகச் சொல்வேன். பேர் கேட்டவள் "உள்ளேன்" என்று எழுந்து உட்காருவாள். "சாவடிச்சி அப்பால எயுப்புறியே, நல்ல பொயப்பு" என்று சொக்கம்மாள் கேலி செய்வாள்.

உன் மனைவி நீலாவின் அக்கா மலர்க்கொடி, எண்ணூர் முகத்துவாரத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கப் போய் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை எழுதியிருந்தேன். உடல் கிடைக்கவில்லை. அவள் பாய் போடும் இடத்தைப் பெண்கள் காலியாகவே விட்டார்கள். "ஒடம்பு கரை சேர்ற வரிக்கும் பேரை வுடக்கூடாது. வுட்டா அது எங்க போவும்?" என்றார்கள். துக்கம் ஆறட்டும் என்று நானும் நாள்தோறும் அந்தப் பேரைச் சொல்லி, ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, அடுத்த பேருக்குப் போவேன்.

ஒரு நாள் பதில் வந்தது. உன் நீலா கண்ணைத் திறக்காமல் "உள்ளேன்" என்று எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நீலா என்று கூப்பிட்டேன். வேறு யாரையோ கூப்பிட்டதுபோல, மற்றவர்களோடு அவளும் அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் படுத்திருந்த பாய் நனைந்திருந்தது. வியர்வை என்று பெண்களிடம் சொன்னேன். பாயில் மணல் இருந்ததை நான் சொல்லவில்லை.

அதன்பின் அவள் உன் வீட்டு அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. அக்கா வீட்டில்தான் சமைத்தாள். "கொயம்பு அப்டியே அவ வச்சா மாரி கீது டீச்சரம்மா. தொண்டையில எறங்கல" என்று மலர்க்கொடியின் புருஷன் கிருஷ்ணப்பன் என் வாசலில் வந்து நின்றான்.

போன வாரம் மலர்க்கொடியின் உடல் ஒதுங்கியது. வளையலை வைத்து அடையாளம் சொன்னார்கள். காரியமெல்லாம் முறைப்படி ஆயிற்று. முந்தாநாள் மத்தியானம், உடல்தான் கரை சேர்ந்துவிட்டதே என்று, அந்தப் பேரைச் சொல்லாமல் விட்டேன். எல்லாரும் எழுந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டும் நீலா எழவில்லை.

இன்னும் எழவில்லை, தம்பி. தோளைப் பிடித்து உலுக்கினோம். தூக்கிய கையை எங்கே வைத்தேனோ அங்கேயே கிடக்கிறது. கரண்டியில் தண்ணீர் விட்டால் விழுங்குகிறாள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, நல்ல தூக்கம் என்றார். அக்கா பேரைச் சொல்லிப் பார்க்கலாமா என்று சொக்கம்மாள் கேட்டாள். கூடாது என்றேன். அந்தப் பேருக்கு எழுந்தால் எழுவது யார்? தந்தியில் அடிக்கக்கூடிய செய்தியா இது? அதனால்தான் கடிதம்.

வகுப்பில் தூங்கிவிடும் குழந்தை நான் எத்தனை தட்டினாலும் அசையாது. தெருவில் அம்மாவின் குரல் கேட்டால் எழுந்துவிடும். நீலாவுக்கு அப்படிப்பட்ட குரல் உன்னுடையதுதான். நீ அவளை எப்படிக் கூப்பிடுவாய் என்று கிருஷ்ணப்பனைக் கேட்டேன். "அவன் என்னிக்கி பேர் சொன்னான்? இந்தாமேன்னுவான், அவ்ளோதான்" என்றான்.

அடுத்த ரயிலுக்கே புறப்படு. நீ நல்லபடியாக வந்து சேரவும், வரும்போது வீட்டில் விளக்கு எரியவும் வேண்டிக்கொள்கிறேன். அதற்கு முன்னால், இதைப் படித்து முடித்ததும், பக்கத்தில் யார் இருந்தாலும் கூச்சப்படாமல், அவள் பேரை ஒரு முறை உரக்கச் சொல்.

உன் நலம் நாடும்,
செல்லம்மா டீச்சர்