அந்த ‘இல்லை’யைச் சொன்னது நான்

கிரெய்கிபர்ன்
புதன் இரவு

அன்புள்ள அண்ணா,

முதலில் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதே. அங்கே தடுப்பில் உங்களைக் காவல் பார்க்கிறவர்களுக்கும் காட்டாதே, பக்கத்து அறைப் பெடியனுக்கும் காட்டாதே, உன்னோடு நல்லமாதிரி இருக்கிறவர்களுக்கும் வேண்டாம். தமிழில் இருப்பதால் அவர்களுக்கு விளங்காது, ஆனால் விளங்காவிட்டால் மொழிபெயர்க்க ஆள் கூப்பிடுவார்கள், வருகிற ஆள் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தேவராஜா அங்கிளாக இருந்தால் சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுவதற்குள் அப்பாவின் காதுக்குப் போய்விடும். வாசித்த பிறகு கிழித்துவிடு. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம் என்றுதான் கை தானாக எழுதப் பார்க்கிறது, ஆறு கிழமையாக அப்படியே எழுதிப் பழகிவிட்டேன். நீ சாப்பிடுகிறாயா, இரவில் கொஞ்சமாவது கண்ணை மூடுகிறாயா என்று எனக்கு உண்மையாகத் தெரிய வேண்டும்.

உனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிய ஆறு கடிதமும் அம்மாவின் பெயரில் நான் எழுதியவை. எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். முதல் கிழமை அம்மாதான் பேனையை எடுத்தா, அப்பா அதைப் பிடுங்கி என்னிடம் தந்து, நீ எழுது பிள்ளை, இவ எழுதினால் கண்டதையும் எழுதிப்போடுவா என்றார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் குசினி மேசையில் அம்மா ஒரு கதிரையில், நான் ஒரு கதிரையில், அப்பா எங்களுக்குப் பின்னால் நிற்பார். அம்மா ஏதாவது சொல்லுவா, அப்பா அது வேண்டாம் என்பார், அம்மா வேறொன்று சொல்லுவா. கடைசியில் மிஞ்சுவது மழை பெய்தது, கோயிலுக்கு வருகிற மேனுகா அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது, கத்தரிக்காய் விலை என்றுதான் இருக்கும். பிறகு அப்பா சொல்லுகிற ஒரு வரி. அங்கே டொக்டர் யாரும் வந்து கேட்டால் எனக்கு ஒன்றுமில்லை, நல்லாயிருக்கிறேன் என்று சொல். ஆறு கடிதத்திலும் அந்த வரி இருக்கிறது, ஆறு தரமும் அதை நான்தான் எழுதினேன். நீ அதைக் கேட்டு நடந்தாய் என்று போன விசிட்டில் எனக்கு விளங்கியது. அப்பா உன்னைப் பார்த்து, என்னடா கிழவன் மாதிரி இருக்கிறாய், தலைமயிரை வெட்டச் சொல்லன் என்று பகிடி விட்டார், நீ சிரிக்கவில்லை, ஐ’ம் ஃபைன் என்றாய். அவர் வேறு என்ன கேட்டபோதும் அதையே சொன்னாய். உன் கைச்சட்டை நுனியை நீ பல்லால் கடித்துக் கடித்து நூலாக்கி வைத்திருந்தாய். அம்மா காரில் வரும்போது அதைப் பற்றி மட்டும் கதைத்தா, புதுச் சட்டை கொடுக்க விடுவார்களா என்று.

வீட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அப்பாவுக்கு இப்போது அதிகாலை ஷிஃப்ட், நாலு மணிக்கு எழும்புகிறார், அதனால் ஒன்பதுக்கே படுத்துவிடுகிறார். அம்மா குழந்தைகள் காப்பகத்தில் துப்புரவு வேலைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வருகிறா. உன் அறையில் ஸ்மோக் அலாரத்துக்கு மேலே நீ ஒட்டிய கறுப்பு டேப் அப்படியே இருக்கிறது, அப்பா கழற்றச் சொன்னார், அம்மா கழற்ற விடவில்லை. பக்கத்து வீட்டு ராகவேந்திரா அங்கிளுக்கு அன்றைக்கு முறிந்த கையில் போட்ட கட்டைப் போன கிழமை அவிழ்த்துவிட்டார்கள், விரல் இன்னும் முழுதாக மடங்காதாம். அவர் ஒரு நாள் குப்பை வாளி வைக்க வந்தவர் வேலிக்கு அங்காலே நின்று அப்பாவிடம், சார், கார் போனா போகுது, இன்சூரன்ஸ் பாத்துக்கும், பையனுக்கு உடம்பு சரியில்ல சார், நான் அன்னிக்கு அவன் கண்ணப் பாத்தேன், அதக் கோர்ட்ல சொல்லுங்க என்றார். அப்பா சிரித்துக்கொண்டு, இல்லை இல்லை, பெடியனுக்குச் சேர்க்கை சரியில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து யன்னலைச் சாத்தினார். எங்களுக்குத் தெரியும் உனக்குச் சேர்க்கையே இல்லை என்று. சித்திரை மாதத்திலிருந்து நீ ஒருவரோடும் கதைக்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பொலிஸ் உன்னைப் பிடித்த மூன்றாம் நாள் யூத் ஜஸ்டிஸ் என்கிற சிறுவர் நீதி ஒஃபிசில் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உன்னைப் பிணையில் விடலாமா, உனக்கு என்ன உதவி தேவை என்று கோட்டுக்கு எழுதிக் கொடுக்கிற அறிக்கைக்காக. மிஷெல் என்று ஒரு பெண், நல்ல மாதிரி, எங்களுக்குத் தேத்தண்ணியெல்லாம் ஊற்றித் தந்தா. தமிழுக்கு ஆள் ஒழுங்கு செய்திருக்கிறோம் என்று சொன்னா. கதவைத் திறந்துகொண்டு கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டபடி வந்தது தேவராஜா அங்கிள். நானும் நீயும் எட்டு வருடம் அவரிடம் தேவாரம் பாடமாக்கினோம். அவரும் எங்களைக் கண்டு திகைத்துவிட்டார். அப்பா எழும்பி அவர் கையைப் பிடித்து, அண்ணை, இந்தச் சின்ன விசயத்துக்கு நீங்கள் ஏன் மினக்கெடுறியள், எங்கட பிள்ளைக்கு நல்லா இங்கிலிஷ் தெரியும், நீங்கள் போயிட்டு வாங்கோ என்று சொல்லிக் கார் நிற்கிற இடம்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். மிஷெல் என்னைப் பார்த்து உனக்கு இது சரியா என்று இரண்டு தரம் கேட்டா. சரி என்றேன். நான்தான் எப்போதும் செய்கிறேனே, வங்கியில், இமிகிரேசன் கடிதத்தில், அம்மாவின் பல் டொக்டரிடம்.

அவ முதலில் கேட்டது, உனக்கு மனநிலை சம்பந்தமாக ஏதாவது கஷ்டம் இருந்திருக்கிறதா என்று. நான் தமிழில் சொன்னேன். அம்மா உடனே அழத் தொடங்கி, சொல்லு பிள்ளை, அவன் ரெண்டு மாசமா நித்திரை கொள்ளேல்லை எண்டு சொல்லு என்றா. அப்பா மேசையைப் பார்த்தபடியே, இல்லையெண்டு சொல்லு என்றார். நான் நோ என்றேன். இரண்டாவது, யாரும் இல்லாதபோது குரல் கேட்பதாகவோ, யாரோ கண்காணிப்பதாகவோ சொல்லியிருக்கிறானா என்று கேட்டா. அம்மா ஓம், சொன்னவன் என்றா. அந்த ஓம் மிஷெலுக்கு விளங்கவில்லை. நான் நோ என்றேன். மூன்றாவது, தனக்குத் தானே ஏதும் செய்ய முயன்றிருக்கிறானா என்று. அம்மா குளியலறை என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டா. அப்பா ஒன்றும் சொல்லவேயில்லை. நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நானாகவே நோ என்றேன். பிறகு அம்மா ஏன் அழுகிறா என்று மிஷெல் கேட்டா, மகனை நினைத்து என்று சொன்னேன். அவ டிஷ்யூப் பெட்டியை அம்மாவின் பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுதினா. குடும்பத்தினர் மனநலக் கவலை எதுவும் இல்லை எனத் தெரிவிக்கின்றனர். மஜிஸ்ரேட் அந்த வரியை வாசித்துவிட்டுத்தான், காரணம் எதுவுமில்லாமல் நாலு காரை உடைத்து ஒருவரின் கையையும் முறித்தவனை வெளியே விடமுடியாது என்றார். அங்கே உள்ள மனநலக் குழு உன்னைப் பார்க்காமல் இருப்பதும் அந்த வரியால்தான், அவசரமான பிள்ளைகள் முதல், நீ அவசரமில்லை என்று பட்டியலில் கீழே. எனக்கு இதை எழுதும்போது அழுகை வரவேண்டும், வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நூடில்ஸ் சாப்பிட்டேன், கணக்குப் பாடம் செய்தேன், எல்லாம் சரியாக வந்தது.

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று உனக்குத் தெரியும். பைத்தியம் எண்டு ஒருக்காப் பேப்பரில ஏறினால் அது எங்கட நாலு பேரின்ரை ஃபைலுக்கும் போகும், பதின்மூண்டு வருசமா வீசாவுக்குக் காத்திருக்கிறம், குழப்படி எண்டால் வயசுக் கோளாறு எண்டு விட்டிடுவாங்கள் என்று அம்மாவுக்கு இரவிரவாகச் சொல்லுவார். நம் டொக்டரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போகாததற்கும் காரணம் அதுதான், அவர் தமிழர், அவருடைய மனைவி அம்மாவோடு கோயிலில் கதைக்கிறவ. உன்னுடைய பள்ளிக்கூடத்திலிருந்து இளையோர் மனநலக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்களே, அந்தக் கடிதத்தை அப்பா மேசை இலாச்சிக்குள் வைத்தார், அம்மா திருட்டுத்தனமாக எடுத்து என்னைக் கொண்டு பதியவைத்தா. அவர்களிடமிருந்து போன கிழமைதான் அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது, துஷாந்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, வருவதென்றால் ஒன்றை அழுத்தவும் என்று. நீ உள்ளே போய் ஆறு கிழமை. நான் எதையும் அழுத்தவில்லை, இரண்டு நாளில் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டதாக இன்னொரு செய்தி வந்தது.

நேற்று மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கஷ்டம் கேட்கிற வெல்பீயிங் ரீச்சரின் அறையிலிருந்து உன் லோயர் ஹரிப்பிரியாவுக்குப் போன் எடுத்தேன். மூன்று இல்லையும் பொய் என்று சொன்னேன். என்னைப் பொலிசுக்குச் சொல்லுவாவோ என்று நினைத்தேன். அவ தமிழில், நீ குழந்தைம்மா, உன்னக் கேட்டிருக்கவே கூடாது என்றா. அப்பா நினைக்கிறது தலைகீழ் என்றும் சொன்னா. டொக்டரின் குறிப்பு அப்படியெல்லாம் இமிகிரேசனுக்குப் போகாதாம், ஆனால் அடிதடிக் குற்றம் உன் பெயரில் நின்றால் அதை அவர்கள் பார்ப்பார்களாம். வருகிற புதன்கிழமை உன்னைப் பார்க்க ஒரு மனநல டொக்டரை அனுப்பிவைக்கிறா. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை கோட்டில் வழக்கு. அந்த டொக்டர் எழுதுவதை வைத்து, சிகிச்சையோடு உன்னை வீட்டுக்கு விடச் சொல்லிக் கேட்கலாமாம். அதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, நீ வாயைத் திறக்க வேண்டும். மற்றது, அம்மாவோ அப்பாவோ நாளைக்கு அவவுடைய ஒஃபிசுக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பை லோயர் தானே செய்யக்கூடாதாம், அதற்கு ஆள் போனில், சிட்னியிலிருந்து, எங்கள் பெயர்கூட அவருக்குத் தெரியாது. இன்றைக்கு அப்பா குளிக்கும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. தண்ணீர் தெளிந்த பிறகும் திரும்பத் திரும்பக் களைந்தா. அப்பா வந்ததும் உலையில் போட்டா, சாப்பாடு முடிந்ததும் படுக்கப் போய்விட்டா. ஆனபடியால் அம்மாவை நம்பி இருக்காதே, உன்னைத்தான் கேட்கிறேன்.

அந்த டொக்டர் வந்தால் ஐ’ம் ஃபைன் என்று சொல்லாதே அண்ணா. உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்காது, நான் எழுதுகிறேன். மெத்தையை அலுமாரிக்குள் இழுத்துக்கொண்டுபோய் அதற்குள் படுத்தாய். அம்மாவின் சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று சாப்பிட மறுத்தாய், அம்மா உன் சோற்றுக் கோப்பையிலிருந்து முதல் வாய் தான் சாப்பிட்டுக் காட்டின பிறகுதான் தொட்டாய். தெருவில் நின்ற கார்களின் கமெராவெல்லாம் உன்னைப் படம் எடுத்து அனுப்புகிறது என்றாய், அதனால்தான் கமெரா இருந்த கார்களை மட்டும் உடைத்தாய், இல்லாத காரைத் தொடவில்லை. குளியலறையில் நடந்ததையும் சொல், எப்படி என்று கேட்டாலும் சொல், வெட்கப்படாதே. இந்த ஞாயிறு எழுதுகிற கடிதத்திலும் அப்பா அந்த வரியைப் போடச் சொல்லுவார், நான் எழுதத்தான் வேண்டும். அது வந்தால் வாசி, ஆனால் அதன்படி நடக்காதே.

நாளைக் காலை இதை ஸ்ரேசனடித் தபால் பெட்டியில் போட்டால் செவ்வாய்க்கு முன் உன்னிடம் வரும். நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்கு இரண்டு காலுறை போடு, யாரோடும் வாய்கொடுக்காதே. முருகன் உன்னோடு இருப்பார் என்று அம்மா ஒவ்வொரு இரவும் உன் கட்டிலுக்குத் திருநீறு பூசுகிறா, அதை ஒரு கடிதத்திலும் எழுத விடவில்லை, இதில் எழுதிவிட்டேன். புதன்கிழமையை மறக்காதே. இந்தமுறை அம்மா என்று கையெழுத்துப் போடமாட்டேன்.

உன் தங்கச்சி,
வினுஷா

இன்னுமொன்று, அந்த டொக்டர் தமிழில் கதைக்க ஆள் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல், உனக்குத்தான் இங்கிலிஷ் என்னைவிட நல்லாய் வரும், நீயே

கதவைத் தட்டுகிறது. அப்பா தட்டிவிட்டு வருகிறவர் இல்லை. அம்மா, வெளியில் நின்று மெல்லக் கேட்கிறா, பிள்ளை, நாளைக்கு எத்தினை மணிக்கெண்டு சொன்னனீ