எங்கள் கூட்டத்தில் மட்டும் வேலையின்மை என்ற அறிக்கை குறித்து

அனுப்புபவர்:
ஆ. நாச்சியம்மாள், பி.ஏ.,
ஆறுச்சாமிக் கவுண்டர் மகள்,
மேற்குத் தோட்டம், சென்னிமலை,
ஈரோடு தாலுகா.

பெறுபவர்:
கனம் ஜில்லா கலெக்டர் அவர்கள்,
கோயமுத்தூர்.

பொருள்: பேராசிரியர் சுந்தரராஜுலு அவர்கள் எழுதிய 'நாணயக் கொள்கையும் வேலையின்மையும்' என்ற அறிக்கையில் நேர்ந்த பிழை, அதை நம்பிச் சென்னிமலைப் பாதை நிவாரண வேலையை நிறுத்த வேண்டாம் எனக் கோருதல்.

கனம் ஐயா,

கடைத்தெருவில் உப்புக்கு விலை கேட்கவே கூசுகிறவள் நான். தங்களுக்கு மனு எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதாமல் இருந்து பார்த்தேன். நிவாரணக் கூலிக்குப் பாதையில் கல் உடைக்கிறவர்களுக்கு இந்த மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று தெரிந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

1. நமது ரூபாயை இங்கிலீஷ் நாணயத்தில் பதினெட்டுப் பென்ஸ் மதிப்பில் நிறுத்தி வைத்திருப்பதால், வெளிதேசம் போகும் பருத்திக்கு இங்கே கிடைக்கும் ரூபாய் குறைகிறது, விலை சரிகிறது, மில்லிலும் தோட்டத்திலும் ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இது மெய்யா என்று வீடு வீடாக விசாரித்து எழுதும்படி பேராசிரியரைச் சென்னையிலிருந்து சர்க்கார் அனுப்பியது. எங்கள் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே பொருளாதாரம் படித்த என்னைச் சம்பளத்துக்கு உதவியாளாக அமர்த்திக்கொண்டார்.

2. அவர் வகுத்த கேள்விகள் இவை: வீட்டில் ஆண் பிள்ளைகள் எத்தனை? வயது என்ன? என்ன வேலை? என்ன சம்பளம்? பூமி எவ்வளவு? கிணற்றில் தண்ணீர் உண்டா? கடன் உண்டா? இந்தக் கேள்விகளை இந்த வரிசையில் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் கேட்பார்கள். அது நாணயக் கொள்கை அல்ல.

3. கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவர். அவர் பின்னால் கல்யாணமாகாத ஒரு பெண். பேராசிரியர் தரகர் என்றும், நான் மாப்பிள்ளையை நேரிலேயே பார்க்க வந்துவிட்ட பி.ஏ. என்றும் ஊர் முடிவு செய்துவிட்டது. கூச்சத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது அந்த முடிவை இன்னும் உறுதியாக்கியது.

4. உதாரணத்துக்கு ஒரு வீடு. பழனாத்தாள் என்பவரின் மகன் கந்தப்பன், மில்லில் ஆள் குறைத்தபோது ஊர் திரும்பியவர். இப்போது பாதையில் கல் உடைக்கிறார். பழனாத்தாள் சொன்னது: "ஏனுங்க, எம்பையன் மில்லுல மேஸ்திரிங்க. அவனில்லாட்டி அங்க ஒரு சக்கரம் சுத்தாதுங்க. அம்மணி, வெயில்ல நிக்காதீங்க, கறுத்துப் போயிருவீங்க." கந்தப்பன் கொப்புளம் வெடித்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பேராசிரியர் 'மேஸ்திரி' என்று எழுதிக்கொண்டார். வேலியோரம் நின்ற ஒருவர், "அந்த மேஸ்திரி காத்தால எங்கூடத்தான் கல்லு ஒடச்சாருங்க" என்று சிரித்தார். அடுத்த வீட்டுக்குப் போனால் அவரே வாசலில் நின்று எங்களை வரவேற்று, தாம் மில் குமாஸ்தா என்றார்.

5. இனி, தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. எங்கள் சாதியில் பல கூட்டங்கள் உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் கேள்விக்கு முன்னால், "அம்மணி, நீங்க என்ன கூட்டமுங்க?" என்ற அவர்கள் கேள்வி வந்தது. கேட்டவர் வேறு கூட்டம் என்றால் பிள்ளை உடனே மேஸ்திரி. எங்கள் கூட்டம் என்றால் முகத்தில் இருந்த மரியாதை அப்படியே இறங்கிவிடும். "அட, நம்ம புள்ளையா! அப்பறம் என்னத்த மறைக்கறது கண்ணு? மூணு பேருமே சும்மாதான் உக்காந்திருக்கறானுங்க. தின்னுபோட்டுத் தூங்கறானுங்க."

6. இதைப் பேராசிரியரிடம் அன்றன்றே சொன்னேன். "புள்ளிவிவரம் முகத்தைப் பார்க்காதம்மா" என்றார். ஆனால் வீட்டுக்கு வீடு எங்களுக்குச் சுட்டுப் போட்ட ஒப்புட்டை, அந்த வெல்லப் போளியை, அது பார்த்தது. வேலையிழந்த வீட்டார் வந்தவருக்கு ஒப்புட்டுச் சுட்டுப் போடுவார்களா என்று என்னையே கேட்டார். வெல்லம் கடன் வாங்கியது என்பது ஒப்புட்டைப் பார்த்தால் தெரியாது என்றேன். அதற்குள் அவர் இன்னொன்றை எடுத்துக்கொண்டிருந்தார்.

7. அறிக்கையின் முடிவு இது: வேலையின்மை ஒரே ஒரு கூட்டத்தாரிடம்தான் காணப்படுகிறது, பதினெட்டுப் பென்ஸ் எல்லாக் கூட்டத்தாருக்கும் பொது, ஆகவே காரணம் நாணயக் கொள்கையன்று, அக்கூட்டத்தாரின் பரம்பரைச் சோம்பல். தர்க்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை நான் வாசித்துக் காட்டியபோது, விடிவதற்கு முன்பே கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைக்கத் தொடங்கியிருந்த என் தகப்பனார் மாடுகளை நிறுத்திவிட்டு, "அப்படியா? இத எனக்கு யாருமே சொல்லலியே கண்ணு" என்றார்.

8. இந்த முடிவின்பேரில் பாதை வேலை நிற்கப்போகிறது. அந்தக் கூலியில்தான் பழனாத்தாள் வீட்டில் உலை வைக்கிறார்கள். அடுப்பு எரியவில்லை என்று அவர் வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் மேஸ்திரிக்குப் பெண் கிடைக்காது. எங்கள் வீட்டுக்கு இன்னமும் ஜாதகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் வேலையில்லாத பிள்ளை ஒருவர்கூட இல்லை.

9. பதினெட்டுப் பென்ஸ்தான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. அதைத் தீர்மானிக்கக் கணக்கு வேண்டும். பேராசிரியர் கையில் இருப்பது கணக்கல்ல, மாப்பிள்ளைகள். மெய் கிடைத்தது எங்கள் கூட்டத்தார் வீடுகளில் மட்டுமே. அங்கே எத்தனைக்கு எத்தனை பேர் சும்மா இருக்கிறார்களோ, மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

ஆகவே, மறு விசாரணை நடக்கும்வரை பாதை வேலையை நிறுத்தாமல் நடத்தும்படியும், பொய் சொன்ன தாய்மார்கள் எவர்மீதும் நடவடிக்கை எடுக்காதிருக்கும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இன்னொன்றும் உண்டு, எழுதக் கை வராமல் கடைசிக்குத் தள்ளினேன். அறிக்கையோடு என் வேலையும் முடிந்துவிட்டது. மறு விசாரணையைச் சம்பளத்துடன் என்னிடமே ஒப்படைக்க வேண்டுகிறேன். பேராசிரியர் வர வேண்டியதில்லை. தனியாகவே போய் வருகிறேன். ஒரு பெண் துணையில்லாமல் வந்து மாப்பிள்ளை விசாரிப்பாள் என்று எங்கள் பக்கத்தில் எவரும் நம்பமாட்டார்கள். மெய்யைச் சொல்லிவிடுவார்கள்.

இடம்: சென்னிமலை
நாள்: 9 ஆகஸ்டு 1934

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ஆ. நாச்சியம்மாள்